நாலாவது ரீடிங்

மகனே,

உன் மதுரைக் கடைத் திறப்பு விழா அழைப்பிதழ்க் கட்டு அலமாரியின் மேல் அப்படியே இருக்கிறது. இன்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் நின்று எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தாய். நான் கொடுக்கவில்லை. கட்டிலிருந்து ஒன்றை மட்டும் உருவிப் பார்த்தேன். வழவழப்பான அட்டை, ஓரத்தில் தங்க வரி, நடுவில் ஒரு எஞ்சின், அதன் குழாயிலிருந்து நீலமாகச் சீறும் தீ. பட்டாசு ஏற்றும் வண்டிகளில் கை வைக்கிறவன் தன் அழைப்பிதழில் தீயைப் போட்டிருக்கிறான். சிவகாசி ஊரில் அதை அச்சடித்தவர்களுக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. கீழே 'திறந்து வைப்பவர்' என்று என் பெயர், பெயருக்கு அடியில் 'எஞ்சின் ஆய்வகத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர்' என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோது எனக்கு வெறுப்பு வந்தது. பாதி உன்மேல், பாதி என்மேல். எந்தப் பாதி பெரியது என்பது இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்கே தெரிந்துவிடும்.

போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் வேறு யாருக்கோ செய்தி அனுப்புவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பும்போதே, என் ஆய்வகத்தில் படித்தவர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவேன். அம்மா மானத்தை வாங்குகிறாள் என்று நினைக்காதே. வாங்கப்போவது என் மானத்தைத்தான். இதில் அவர்களுக்கும் சேர வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேள். அன்றைக்கு நான் போனில் கத்தியதை மட்டும்தான் நீ கேட்டாய், எதற்குக் கத்தினேன் என்பதைக் கேட்கவே இல்லை.

அழைப்பிதழ் வாங்க சிவகாசிக்குப் போக வேண்டும் என்றதும் உன் சாலமோன் மாமா தன் பிக்கப்பில் ஏறிக்கொள்ளச் சொன்னான். அவனுக்கு அன்று பட்டாசுக் கம்பெனிக்குக் காகித உருளை லோடு. திரும்பும்போது அதே வண்டியில் பட்டாசுப் பெட்டி ஏற்றி விருதுநகர் குடோனில் இறக்க வேண்டும், அப்போது நான் பஸ்ஸில் வந்துகொள்வேன் என்று ஏற்பாடு. வண்டிக்கு எட்டு வயதாகிறது. போன மாதம் நீ வந்து லேப்டாப்பை இணைத்து ஏதோ செய்த பிறகு புது வண்டி மாதிரி ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். மேம்பாலம் ஏறும்போது முன்னால் போன இரண்டு லாரிகளை ஒரே மிதியில் தாண்டினான். "பாத்தீகளாக்கா? முன்னாடி இந்தப் பாலத்துல ரெண்டாவது கியர்ல முக்கிக்கிட்டு ஏறும். இப்பம் பாருங்க. மருமகன் கை வச்ச வண்டியில்லா" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பக்கக் கண்ணாடியைப் பார்க்கும்வரை. கண்ணாடியில் சாலையே தெரியவில்லை. தார் காய்ச்சும் இடத்தில் எழும்புவதுபோலக் கரும்புகை. அதற்குள்ளிருந்து ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள், எங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

கம்பெனி வாசலுக்கு ஐம்பது அடி முன்னால் மாமா வண்டியை ஓரங்கட்டினான். உனக்குத் தெரியும், தீப்பெட்டிக் கம்பெனியானாலும் பட்டாசுக் கம்பெனியானாலும் புகைக்குழாயின் வாயில் வலை வைத்த ஒரு மூடியை மாட்டாமல் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். குழாயிலிருந்து ஒரு பொறி தெறித்தாலும் அந்த வலையில் பட்டு அணைந்துபோக வேண்டும். மாமா இருக்கைக்கு அடியிலிருந்து மூடியை எடுத்தான். சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு மாட்டப்போனான், அப்படியும் கையைச் சுட்டு உதறினான். கீழே விழுந்த மூடியை நான் குனிந்து எடுத்தேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கத்துச் சுவர் தெரிகிறது, சுவரில் எழுதியிருந்த 'தீப்பெட்டி, பீடி, செல்போன் அனுமதியில்லை' என்பதும் தெளிவாகத் தெரிகிறது. வலையே இல்லை. வெறும் வளையம். "ஏலே சாலமோன், வலை எங்கே?" என்றேன். "வலை இருந்தா ரெண்டே நாள்ல கரி அடைச்சுக்கிடுதுக்கா. வண்டி மூச்சு முட்டி இழுக்க மாட்டேங்கு. எல்லாரும் வெட்டி எடுத்துட்டோம். கேட்ல மூடி இருக்கான்னுதான் பாப்பாக" என்றான். ஏதோ சீப்பில் பல் உடைந்துவிட்டது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். நீ லேப்டாப் மாட்டிய வண்டிகள் எல்லாம், அவனுடையதோடு சேர்த்து ஏழு.

நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே புல் கருகும் வாடை வந்தது. வண்டி நின்ற இடத்தில், புகைக்குழாய்க்குக் கீழே காய்ந்த புல்லில் ஒரு தட்டகலத்துக்குப் புகைந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். தீ வாளியிலிருந்து மணலை அள்ளிப் போட்டு மிதித்தார். "இந்த வண்டியள் நின்னா இப்படித்தாம்மா. இனிமே புல்லச் செதுக்கிப் போடணும்" என்றார். மாமா என்னிடமிருந்து மூடியை வாங்கி மாட்டியதும் பேரேட்டைத் திறந்து வண்டி எண்ணை எழுதினார், மூடி என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார், கதவைத் திறந்துவிட்டார். மாமா வண்டியை உள்ளே ஓட்டிக்கொண்டு போனான். உள்ளே வேப்பமர நிழலில் பத்திருபது பெண்கள் சும்மாட்டில் பெட்டி சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதில் நீலச் சேலை கட்டி முன்னால் நடந்தவள் யார் தெரியுமா? உன் ஜெயராணி அத்தை. பதினாறு வருடமாக அங்கே பேக்கிங்கில் இருக்கிறாள். கட்டின புருசனின் வண்டி அவளைத் தாண்டிப் போனது. தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். எனக்குக் கையைத் தூக்க வரவில்லை.

அந்த இடத்திலிருந்துதான் உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்பதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், உனக்கே கேட்கட்டும். "அம்மா, சும்மா பயப்படாதீக. டீசல் கூட விட்டா எஞ்சின் கூலாத்தான் ஓடும். ரிச் மிக்சர்னா கூல், லீன் மிக்சர்னா சூடு. இது அடிப்படைம்மா." நான் கத்தினேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டுச் சொன்னாய்: "நம்ம லேப்லயே வந்துருக்குல்லம்மா? நாலாவது ரீடிங்ல சூடு குறையும். நீங்க குடுத்த டேபிள்தான?" நான் போனை அணைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. 

முதலில் உன் அடிப்படைக்கு வருகிறேன். நீ சொன்னது முழுப்பொய் என்றால் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்திருக்காது. அது வேறொரு எஞ்சினின் உண்மை. மதுரையில் ஒரு டாக்டரம்மாவின் சிவப்புக் கார் உன்னிடம் வந்தது நினைவிருக்கிறதா? டர்போ வைத்த பெட்ரோல் கார், சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. மைலேஜ் கூட வேண்டும் என்று யாரோ பெட்ரோலைக் குறைத்து வைத்திருந்தார்கள். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது, அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை, சூடு ஏறி எஞ்சின் உள்ளுக்குள் தட்ட ஆரம்பித்து, ஒரு பிஸ்டனின் தலை மெழுகாக உருகிப்போயிருந்தது. நீ பிஸ்டனை மாற்றி, மிதிக்கும் நேரத்தில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி வைத்து ஓடவிட்டாய். சரியாகச் செய்தாய். பெட்ரோல் உள்ளே ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். காற்று கிடைக்காமல் மிஞ்சுகிற பெட்ரோலும் எரியாமல் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். அதனால் அங்கே கூட்டினால் குளிர்ச்சி. உருகிய பிஸ்டனை நீ படம் எடுத்து அனுப்பியபோது பக்கத்து வீட்டு டீச்சரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன், என் மகன் கண்டுபிடித்தான் என்று.

டீசல் எஞ்சினில் கதை தலைகீழ். அங்கே காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே உள்ளே வருகிறது, டர்போ இருந்தால் இன்னும் தாராளம். எரிவதற்குக் காற்று காத்துக்கொண்டிருக்கிறது, நீ பீய்ச்சும் ஒவ்வொரு சொட்டு டீசலும் எரிந்து சூடாகத்தான் மாறும். குறைத்தால் சூடு குறையும், கூட்டினால் கூடும். கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காற்று போதாமல் போகும். அப்போதும் அது பெட்ரோல்போலக் குளிராது. டீசல் எரிய ஆரம்பித்து, எரிந்து முடியாமல், எரிந்துகொண்டே வெளியே ஓடும். மிச்சம் கரி. சிலிண்டருக்குள் தீர வேண்டிய தீ டர்போவின் சக்கரத்தைச் சுட்டு, குழாயைச் சுட்டு, கருப்பாக வெளியே வருகிறது. அந்தக் கரியில் கனல் இருக்கும். அது தெறித்தால் அதன் பெயர்தான் பொறி. நீ இழுவை வேண்டும் என்பதற்காக டீசலைக் கூட்டினாய், கரி கூடியது. கரி கூடியதால் வலை அடைத்தது. வலை அடைத்ததும் புகை வெளியே போக வழியில்லாமல் சூடு இன்னும் ஏறியது. அதனால் அவர்கள் வலையை வெட்டினார்கள். வலை இருந்த காலத்தில் இவ்வளவு பொறி கிடையாது. இவ்வளவு பொறி வருகிற காலத்தில் வலை கிடையாது. இதை நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தாய் என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நீ அந்தப் படிப்பில் முதல் வகுப்பு, அதுவும் என் ஆய்வகத்தில்.

இனி என் பாதி. நம் பாலிடெக்னிக் ஆய்வகத்தின் டீசல் எஞ்சின் உனக்கு நினைவிருக்கும், பச்சை நிறம், ஒரே சிலிண்டர். அதன் புகைக்குழாயில் வெப்பம் அளக்கும் கம்பி ஒன்று செருகியிருக்கும், மேசைமேல் வட்டமான மீட்டர். சுமையை ஐந்து படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு டீசல் போகிறது, புகை எவ்வளவு சூடாக வருகிறது என்று எழுத வேண்டும். நீ வந்து சேர்வதற்கு ஏழு வருடம் முன்பே அந்தக் கம்பி கருகிவிட்டது. மீட்டரின் முள் பூஜ்ஜியத்திலேயே கிடக்கும். புதுக்கம்பி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், வரவில்லை. திரும்ப எழுதிக் கொடுத்தேன், வரவில்லை. அதற்குள் செய்முறைத் தேர்வு வந்துவிட்டது. பழைய ரெக்கார்டு நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு நானே ஒரு டேபிள் தயாரித்தேன். அவசரத்தில் நாலாவது வரியை மட்டும் பக்கத்தில் கிடந்த பெட்ரோல் எஞ்சின் தாளிலிருந்து எடுத்து எழுதிவிட்டேன், பெட்ரோலைக் கூட்டியபோது சூடு குறைந்த வரி அது. மூன்றாவது சுமையில் முந்நூற்றுத் தொண்ணூறு டிகிரி, நாலாவதில் முந்நூற்று நாற்பத்தைந்து, ஐந்தாவதில் ஐந்நூற்று இருபது. டீசல் எஞ்சின் அப்படி நடந்துகொள்ளவே செய்யாது. சுமை ஏறும்போது சூடு இறங்கி மறுபடி ஏறுமா? எல்லாரும் அதைப் பார்த்து எழுதினார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லா நோட்டிலும் டிக் போட்டுவிட்டு, கேன்டீனில் தோசை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் வருடம் ஒரு நோட்டைத் திருத்தும்போது அந்தத் தவறு என் கண்ணில் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பட்டது. திருத்தியிருந்தால், இரண்டு வருடமாக எழுதியது எல்லாம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அன்று பயந்தேன். பேனாவை மூடி வைத்தேன். அதற்குப் பிறகு என் பணிக்காலம் முடியும்வரை, மொத்தம் பதினொரு வருடப் பிள்ளைகள் அதே டேபிளைப் பார்த்து எழுதிவிட்டுப் போனார்கள். வருடா வருடம் எஞ்சினைத் துடைத்து, சாயம் அடித்து, ஆய்வுக்கு வருகிறவர்களுக்காகப் பொட்டு வைத்து நிறுத்துவோம். தேர்வு நாளில் அதைத் திருகி ஓடவும் விடுவோம், படபடவென்று சத்தம் போடும், பிள்ளைகள் முன்னால் நின்று மீட்டரைப் பார்ப்பதுபோலக் குனிவார்கள். முள் பூஜ்ஜியத்தில் கிடக்கும். அவர்கள் முந்நூற்று நாற்பத்தைந்து என்று எழுதுவார்கள். கேட் பேரேட்டில் டிக் போட்ட வாட்ச்மேனைப் பார்த்து எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது புரிகிறதா? அந்த டிக்கை முதலில் போடப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி.

உன் விஷயத்தில் இன்னும் ஒரு படி கீழே இறங்கினேன். நீ சேர்ந்த வருடம்தான் அப்பா போனார். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையிலிருந்து சாம்பல் பூத்த சட்டையோடு வருகிறவர் ஒருநாள் வரவே இல்லை. நீ சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாய். உன் செய்முறைத் தேர்வு வந்தபோது உன்னை எஞ்சின் பக்கமே போகவிடவில்லை. வீட்டிலேயே டேபிளைக் கொடுத்து எழுத வைத்தேன், பிள்ளை மனசு ஒடிந்து கிடக்கிறான், இதில் போய் எதற்குக் கறார் என்று. அதை அன்பு என்று நினைத்தேன். ஒரு தாய் மகனுக்குப் பொய்யை ஊட்டிவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறாள். நேற்று பரணில் ஏறி உன் ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். உன் அழகான கையெழுத்து. டேபிளுக்குக் கீழே 'முடிவு' என்ற இடத்தில் நீ எழுதியிருக்கிறாய்: 'செலுத்தப்படும் டீசலின் அளவு கூடக்கூட வெளியேறும் புகையின் வெப்பம் கூடுகிறது.' அதுவும் என்னைப் பார்த்து எழுதியதுதான். சரியான விடை உன் கையெழுத்திலேயே இத்தனை வருடம் பரணில் கிடந்தது. நீ அதை நம்பவில்லை, மேலே இருந்த தப்பான எண்ணை நம்பினாய். எண் என்றால் யாரோ கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறாய் போல. அந்த நோட்டில் இருபதுக்கு இருபது போட்டுக் கையெழுத்திட்டிருப்பதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெயராணி வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் வலையில்லாத மூடி என்றதும் அவள் முகம் மாறியது. "மைனி, எங்க ரூமுல ஆணி அடிக்கக்கூட இரும்புச் சுத்தியல் விட மாட்டாக. கொலுசு போட்டுட்டு வந்தா வாசல்லயே கழட்டச் சொல்லுவாக. செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் நொழையணும். இவுக அடுப்ப உருட்டிக்கிட்டு உள்ள வாராகளா?" என்றாள்.  கொடியில் கிடந்த மாமாவின் சட்டையில் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். மாமா குதித்தான். "சீசன்ல வண்டிய நிறுத்தச் சொல்றீகளாக்கா? எம்புட்டு ஆர்டர் கெடக்கு தெரியுமா? நாளைக்கு நான் போகலேன்னா வேற வண்டியக் கூப்புட்டுருவாக" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. நேற்று முழுவதும் வண்டி நம் வீட்டு வாசலில் நின்றது, கம்பெனி வேறு வண்டியைக் கூப்பிட்டது. மாமா என்னோடு பேசவில்லை. ஜெயராணி வழக்கம்போல வேலைக்குப் போனாள். மற்ற ஆறு வண்டிகளும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போய் வந்தன.

நேற்று கம்பெனி ஆபீசுக்கும் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார், பேரேட்டைப் பார்த்துவிட்டு, "எல்லா வண்டிக்கும் மூடி இருக்குன்னு டிக் ஆயிருக்கேம்மா" என்றார். உன்னிடமும் திரும்பப் பேசினேன். நீ மாற்றுவதற்கு முன் எஞ்சினின் கணினியில் இருந்த, டீசல் அளவைச் சொல்லும் பழைய ஃபைல் பத்திரமாக இருக்கிறது, ஆனால் கம்பெனியே இழுவை வேண்டும் என்றுதானே கேட்டது, "சீசன் முடியட்டும்மா, ஏழு வண்டிக்கும் நானே மாத்தித் தாரேன்" என்றாய். சீசன் முடியட்டும். இந்தப் பக்கத்தில் வெடித்து எரிந்த அறைகளின் முன்னால் நின்று எத்தனை பேர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வீட்டு மாடியிலிருந்து அந்தப் புகையைப் பார்த்து வளர்ந்தவன் நீ. ஒவ்வொரு முறையும் யார் வீட்டு ஆள் என்று கேட்டு ஓடியிருக்கிறோம். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. காதைக் கழுவ வேண்டும்போல இருந்தது எனக்கு.

இன்று காலை ஆலயத்திலிருந்து வந்ததும் மாமாவே வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "அக்கா, நீங்க ஒண்ணு சொல்றீக, மருமகன் ஒண்ணு சொல்றான். ரெண்டு பேருமே படிச்சவுக. நான் யார நம்ப? முள்ளு ஏறுதுன்னு கண்ணுல காட்டுங்க, நானே ஃபைல மாத்தச் சொல்லிருதேன்" என்றான். முப்பது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காததை எட்டாம் வகுப்போடு நின்ற என் தம்பி கேட்டான். என் ஆய்வகத்தில் படித்து இப்போது மெக்கானிக்காக இருக்கும் ஒரு பையனிடமிருந்து வெப்பம் அளக்கும் கம்பியும் மீட்டரும் வாங்கி வரச் செய்தேன். டர்போவை ஒட்டி, புகைக்குழாயில் மாமா அதைப் பொருத்திவிட்டான். எஞ்சினைப் போட்டதும் முள் எழுந்தது. பதினெட்டு வருடம் கழித்து ஒரு முள் எழுந்ததைப் பார்க்கிறேன். அழுதுவிட்டேன், மாமா பயந்துபோனான்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். இன்று கம்பெனி லீவு, ஏழு வண்டியும் நிற்கின்றன. நாளை விடிந்தால் லோடு. இதைப் படித்த உடனே மற்ற ஆறு டிரைவர்களுக்கும் போன் செய்து, பழைய ஃபைலை ஏற்றும்வரை, மூடியில் புது வலை வைக்கும்வரை அந்தக் கேட்டுக்குள் போகக்கூடாது என்று சொல். நான் தப்பாகச் செய்துவிட்டேன் என்ற வார்த்தையையும் சேர்த்துச் சொல், அது இல்லாமல் அவர்கள் நம்ப மாட்டார்கள். ஆறு பேரின் எண்ணும் மாமாவிடம் இருக்கிறது, நாளைக் காலை ஏழு மணிக்கு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நீ சொன்னாயா, வண்டியை நிறுத்துகிறார்களா என்று கேட்பேன். ஒருவர் இல்லை என்று சொன்னாலும், மாமாவின் வண்டி சூலக்கரைக்குத்தான் திரும்பும். கலெக்டர் ஆபீஸ் திறக்கும்போது வாசலில் நிற்பேன், வண்டி எண்களையும் உன் பெயரையும் என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். பெற்றவள் செய்வாளா என்று யோசித்து நேரத்தை வீணாக்காதே. ஜெயராணியின் பெயரைப் பேப்பரில் படிப்பதைவிட உன் பெயரை மனுவில் எழுதுவது எனக்கு எளிது.

ஆறு பேரும் சரி என்றால், வண்டி காரியாபட்டி வழியாக மதுரைக்கு வரும். பின்னால் பட்டாசு இல்லை, ஆலங்குளம் சிமெண்ட் மூட்டை, வழக்கமான லோடு அளவுக்கு. வியாழக்கிழமை ரிப்பன் வெட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு உன் கடையின் முதல் வேலை இதுதான். நீ ஏற்றிய ஃபைலோடு ஒரு தடவை அங்கே ஏதாவது ஒரு மேம்பாலம் ஏறுவோம், பழைய ஃபைலை மாற்றிவிட்டு அதே பாலத்தை அதே மூட்டைகளோடு இன்னொரு தடவை ஏறுவோம். மாமா ஓட்டட்டும். நீ நடுவில் உட்கார், மீட்டர் உன் மடியில்.

உன் ரெக்கார்டு நோட்டையும் கொண்டு வருகிறேன். நாலாவது வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன், இருபது மதிப்பெண்ணையும் அடித்துவிட்டேன், இரண்டுக்கும் பக்கத்தில் இன்றைய தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். என்னிடம் படித்த மற்றவர்களும் தங்கள் நோட்டு கிடைத்தால் அதையே செய்யுங்கள், உங்களுக்கு நான் கொடுத்தது பொய் டேபிள். மகனே, அந்த வரி இப்போது காலியாக இருக்கிறது. முள் எங்கே நிற்கிறதோ அதைச் சத்தமாகச் சொல். நான் எழுதுகிறேன்.

அம்மா